அம்மாவின் மூன்று கணக்குகள்

அம்மாவுக்கு மூன்று கணக்குகள் இருந்தன. வங்கியில் இல்லை, இணையத்தில். மூன்றையும் திறந்து கொடுத்தவன் நான். அவள் போன பிறகு மூடுவதும் என் வேலைதான் என்று அக்கா சொன்னாள்.

"உனக்குத்தானே அதெல்லாம் தெரியும்" என்றாள். அந்த 'அதெல்லாம்' ஒரு முழம் நீளமாக வந்தது.

அக்கா என்னிடம் அப்படிப் பேசுவதற்குக் காரணம் இருந்தது. அப்போது எனக்குத் தெரியாது.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் லாண்டரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத நீளமான கூடம். ஆள் உயர வாஷிங் மெஷின் மூன்று, உலர்த்தும் மெஷின் இரண்டு. துணி மடிக்கிற ஆளாகச் சேர்ந்தாள். அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. எனக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பத்து. ஓய்வு பெறும்போது அவள் சூப்பர்வைசர். நடுவில் நடந்ததை அவள் இப்படித்தான் சொல்வாள்: "மடிச்சேன். மடிச்சேன். ஒரு நாள் மத்தவங்கள மடிக்கச் சொன்னேன்."

படுக்கை விரிப்பைப் பார்த்தே நோயாளி எந்தப் பக்கம் புரண்டு படுத்தார் என்று சொல்லிவிடுவாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், வெந்நீர் பட்டால் ரத்தம் துணியிலேயே குடியேறிவிடும். துருவுக்கு ஒன்று, மைக்கு ஒன்று, மஞ்சள் மருந்துக்கு ஒன்று. பெரிய டாக்டர் ஒருவர், பேனா கசிந்த வெள்ளைக் கோட்டைத் தானே எடுத்துக்கொண்டு லாண்டரிக்கு வந்தாராம். "நான் இதுல கொஞ்சம் ஸ்பிரிட் போட்டுத் தேச்சேன்மா" என்றாராம். "நீங்க ஆபரேஷன் பண்றப்ப நான் நடுவுல வந்து ரெண்டு தையல் போட்டேனா சார்?" என்று கேட்டிருக்கிறாள். இந்தக் கதையை நான் குறைந்தது இருபது தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர் இன்னும் கொஞ்சம் பெரிய டாக்டராகிக்கொண்டே வந்தார்.

லாண்டரியில் அவளுடைய முதல் சட்டம், கலக்காதே. ஒவ்வொரு வார்டின் துணிக்கும் ஓரத்தில் ஒரு நிற நூலால் தையல் உண்டு. ஆபரேஷன் தியேட்டருக்குப் பச்சை, பிரசவ வார்டுக்கு நீலம், தொற்று வார்டுக்குச் சிவப்பு. தனி வண்டி, தனித் தொட்டி, தனி அலமாரி. "ஒரு தடவ கலந்துட்டா அப்புறம் எது யாருதுன்னு கடவுள் வந்தாலும் பிரிக்க முடியாது" என்பாள்.

அந்தக் கூடத்தின் இரைச்சல் அவள் காதை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெறும் வயதில் பாதிக்கு மேல் கேட்காது. போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசுவாள். இது முக்கியம். இதைப் பிறகு சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு மருத்துவமனை கொடுத்திருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அது வேறு ஊர், என் வீட்டிலிருந்து ரயிலில் ஏழு மணி நேரம். இரண்டு படுக்கையறை, ஒன்றில் அக்காவும் மாமாவும், இன்னொன்றில் அவர்களுடைய இரண்டு பெண்கள். அம்மா ஹாலில்.

நான் கணினி நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். அலுவலகம் போக, வீட்டிலும் ஒரு சர்வர் நடத்துகிறேன். சம்பளமில்லாத வேலை, ஆசைக்குச் செய்வது. ஒரு பெரிய கம்பெனி நடத்தும் சமூக வலைத்தளம் மாதிரி இல்லை இது. ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன சர்வர்கள். ஒவ்வொன்றையும் என்னைப் போல் யாரோ ஒருவர் நடத்துகிறார். ஒன்றில் கணக்கு வைத்திருந்தால் மற்றதில் இருப்பவர்களோடும் பேசலாம், ஒரு தபால் நிலையத்தில் போட்ட கடிதம் இன்னொரு ஊருக்குப் போவதுபோல. என்னுடையதில் இருநூற்று நாற்பது பேர். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அதில் ஒரு கணக்கு திறந்தேன்.

மூன்று மாதத்தில் ஒன்று மூன்றாகிவிட்டது. அம்மாவுக்குத் துணி மடிப்பதைப் படம் எடுத்துப் போடப் பிடித்திருந்தது. என் சர்வரில் படங்கள் ஓரம் வெட்டுப்பட்டு வந்தன. அதனால் படங்களுக்கென்று இருக்கும் வேறொரு சர்வரில் இரண்டாவது கணக்கு. பிறகு, கறை போக்குவதைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஒரு மன்றத்தைக் கண்டுபிடித்தாள். அதையும் என் சர்வரிலிருந்தே படிக்கலாம். ஆனால் கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம் என்று சிதறி வரும். எனவே அங்கேயே மூன்றாவது.

"ஒரே ஆளுக்கு எதுக்குடா மூணு பேரு? நான் என்ன திருடியா?"

"ஒரு கணக்குலயே எல்லாத்தையும் பாக்கலாம்மா. ஆனா..."

"ஆனான்னு வந்துட்டாலே பாக்க முடியாதுன்னு அர்த்தம்."

"பாக்கலாம். சரியா தெரியாது, அவ்வளவுதான்."

பிறகு அவளே சொன்னாள். "புரிஞ்சுபோச்சு. தியேட்டர் துணி, பிரசவத் துணி, தொற்று வார்டுத் துணி. எல்லாம் ஒரே ஆஸ்பத்திரிதான், ஆனா கலக்கக் கூடாது."

எனக்கு ரோஷம் வந்தது. பல வருடமாக இந்த அமைப்பின் அழகே அது கலப்பதுதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவன் நான். "அப்படி இல்லம்மா. நீ எந்தக் கணக்குல இருந்து எழுதினாலும் எனக்கு வந்து சேரும். அதுதான் இதுல விஷயமே" என்றேன்.

"எதுல இருந்து எழுதினாலும்?"

"எதுல இருந்து எழுதினாலும்."

இதை நான் சொன்னேன். சத்தியம்போலத்தான் சொன்னேன்.

அவள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் மூன்று பாஸ்வேர்டுகளை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தாளில் ஊசியால் இரண்டு தையல் போட்டாள். என் சர்வருக்கு நீலம். படத்துக்குப் பச்சை. கறை மன்றத்துக்குச் சிவப்பு. "கண்டவங்க கண்டதையும் கொண்டுவந்து கொட்டுற எடம். அதுக்குச் சிவப்புதான்" என்றாள். அதே நோட்டின் மறுபக்கத்தில் கறைக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தாள்.

மன்றத்தில் அவளைக் 'கறை டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். யார் எதைக் கேட்டாலும் அவள் முதலில் மூன்று கேள்வி கேட்பாள். எத்தனை நாளாச்சு? என்ன துணி? ஏற்கனவே என்ன போட்டீங்க, உண்மையச் சொல்லுங்க. மூன்றாவது கேள்விக்கு ஒருவரும் முதல் தடவையில் உண்மை சொல்லமாட்டார்கள். "கறையில பாதி, அதப் போக்கறேன்னு நீங்க போட்டதுதான்" என்று எழுதுவாள். ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் ஒரு பெண் அவளுக்கு நல்ல சிநேகிதியானாள். அம்மா அவளை 'ஹோட்டல்காரி' என்றுதான் சொல்வாள்.

ஆக நீலக் கணக்கு ஹாலில் இருந்த டேப்லெட்டில் திறந்தே கிடந்தது. அதில் மாமா செய்தி படிப்பார், பெண்கள் விளையாடுவார்கள். சிவப்புக் கணக்கு அம்மாவின் சொந்த போனில் மட்டும். அந்த வீட்டில் அவளுக்கென்று கதவு வைத்த இடம் அது ஒன்றுதான். இதுவும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்று எழுதுவதுதான் சரி.

என்னிடம் அவளுக்கு ஒரு விதி இருந்தது. நான் போட்ட விதி. "வேலை நேரத்துல போன் பண்ணாதம்மா. மீட்டிங்ல இருப்பேன். அங்க எழுதிப் போடு, பாத்துக்குறேன்." ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போன்.

ஒரு வாரம் அந்த மன்றத்தின் சர்வரிலிருந்து குப்பை வர ஆரம்பித்தது. அதை நடத்துபவர் கதவைத் திறந்து போட்டுவிட்டார் போலிருக்கிறது. போலிக் கணக்குகள் நூற்றுக்கணக்கில் புகுந்து, போலி மாத்திரை விளம்பரங்களை என் ஆட்களுக்கு அனுப்பின. மணிக்கு நானூறு. புகார் மேல் புகார். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் போன். அந்த முழு சர்வரையும் தடுத்தேன். ஒரு வரி. அங்கிருந்து எது வந்தாலும் என் சர்வர் வாங்காது, வாங்கவில்லை என்று அனுப்பியவருக்கும் சொல்லாது.

அம்மா அங்கே இருக்கிறாள் என்பது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். 'அம்மா நீலத்தில் எழுதுவாள், இரண்டு நாளில் எடுத்துவிடலாம்' என்று நினைத்தேன். காரணம் எழுதும் கட்டத்தில் 'தற்காலிகம்' என்று தட்டினேன்.

குப்பை நின்றது. எல்லோரும் நன்றி சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் மறந்தேன்.

அதற்கடுத்த இரண்டாவது ஞாயிறு. நான் மெஷின் அறையில் இருந்தேன். என் வீட்டில் இரண்டு அறை; ஒன்றில் நான், மற்றதில் சர்வர். பழுதான ஹார்ட் டிஸ்க்கை மாற்றிக்கொண்டிருந்தேன். போன் தரையில், ஸ்பீக்கரில். அவள் பக்கமும் ஸ்பீக்கர். பின்னால் டிவி சத்தம், மாமா இருமுகிற சத்தம்.

"சாப்பிட்டியாடா?"

"இன்னும் இல்லம்மா."

"மணி பத்தரை." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். காது கேட்காதவர்கள் குரலைத் தாழ்த்தினால் அது நமக்குச் சாதாரணக் குரல். "எழுதியிருந்தேனே. பாத்தியா?"

எனக்கு எதுவும் வந்த ஞாபகம் இல்லை. ஏதோ துண்டு மடித்த படமாக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்க்ரூ ஒன்று கைநழுவி மெஷினுக்கு அடியில் உருண்டது.

"பாத்தேன், பாத்தேன்" என்றேன்.

மறுபக்கம் டிவி மட்டும் கேட்டது.

"பாத்தியா?"

"பாத்தேம்மா. அதான் சொல்றேன்ல."

"சரி." பிறகு, "மெஷின் சத்தம் கேக்குது. அந்த ரூம்லயா இருக்க?"

"ஆமா."

"நல்லா ஓடுதா?"

"ஓடுதும்மா."

"ஓடட்டும்" என்றாள். "போய்ச் சாப்பிடு."

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசினோம். எழுதியிருந்தேன், பாத்தியா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் வேலை பார்த்த மருத்துவமனையாக இருந்திருந்தால் லாண்டரி ஆட்கள் எல்லாம் வந்திருப்பார்கள். அந்த ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் நின்றாள். அழுது வீங்கிய முகம். "வா. உள்ள வா" என்றாள். "எங்க வீட்ல எல்லாருக்கும் எடம் இருக்கு."

துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். கணக்குகளை மூடுவதற்கு. அக்கா அம்மாவின் போனையும் நோட்டையும் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். மாமா வேலைக்குப் போயிருந்தார், பெண்கள் பள்ளியில். அம்மா படுத்திருந்த இடத்தில் இப்போது துணி காயப்போடும் ஸ்டாண்ட் நின்றது.

பச்சையை முதலில் மூடினேன். கடைசிப் படம், மூன்றாக மடித்த எட்டு வெள்ளைத் துண்டுகள், விளிம்பு ஒன்றோடொன்று ஒரு நூல்கூடப் பிசகாமல். நகல் எடுத்துக்கொண்டேன். நீலத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பேத்திகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, நான் போட்டவற்றுக்கெல்லாம் பிடித்திருக்கிறது என்று ஒரு நட்சத்திரம்.

சிவப்பைத் திறந்தேன். பதிலுக்குக் காத்திருக்கும் கேள்விகள் பதினான்கு. அதற்கு மேலே, தனிச் செய்திகள். அதில் ஒன்று எனக்கு.

அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, இதப் போன்ல பேசாத. இங்க சுவத்துக்குக் காது இல்ல, ஆனா ஆளுக்கு ரெண்டு காது இருக்கு. அக்கா என்னை நல்லாத்தான் பாத்துக்குறா. குறை இல்ல. ஆனா ஹால்ல படுத்தா வீடே என் மேல நடக்குது. டிவி அணைச்சாதான் தூக்கம், பாத்ரூம் காலியான்னு பாத்துத்தான் எழுந்திருக்கணும். மாப்பிள்ளையும் பாவம், சொந்த வீட்ல சட்டையக் கழட்டிட்டு உக்கார முடியல. உன் வீட்ல அந்த மெஷின் ரூம் இருக்கே, அதுல ஒரு கட்டில் போட்டா எனக்குப் போதும். சத்தமா இருக்கும்னு சொல்லாத. முப்பது வருஷம் லாண்டரியில இருந்தவளுக்கு உன் பெட்டிச் சத்தம் தாலாட்டு. உனக்கும் ஒரு வேளையாவது நேரத்துக்குச் சோறு கிடைக்கும். வரலாம்னா ஒரு வரி எழுது, அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிக்குறேன். சரிப்படாதுன்னா எழுத வேண்டாம். ஞாயித்துக்கிழமை கேப்பேன். பாத்தேன்னு மட்டும் சொல்லு. புரிஞ்சுக்குவேன். கோவிச்சுக்க மாட்டேன்."

கீழே சின்ன எழுத்தில்: அனுப்பப்பட்டது.

தேதியைப் பார்த்தேன். என் போனில் சர்வரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, தடுக்கப்பட்ட சர்வர்களின் பட்டியலுக்குப் போனேன். அந்த மன்றத்தின் பெயர் அங்கே இருந்தது. பக்கத்தில் தேதி. அம்மா எழுதியதற்குப் பதினோரு நாள் முன்னால். பக்கத்தில் 'தற்காலிகம்'.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்துப் படித்தாள். படித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"இதானா அது" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் பாத்ரூம் பைப்ப மூடலன்னு சண்டை. ஒண்ணும் இல்லாத விஷயம். நான் வாய் தவறி, 'அப்ப உன் செல்ல மகன்கிட்டயே போய் இருக்க வேண்டியதுதானே'ன்னு கேட்டுட்டேன்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "'கேட்டாச்சு'ன்னாங்க. 'என்ன சொன்னான்'னேன். 'பாத்தேன்னான்'னாங்க. அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி பூரா எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல."

"எப்போ?"

"போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி."

"அக்கா, இது எனக்கு வரவே இல்ல."

"வரலயா? அனுப்பப்பட்டதுன்னு போட்டிருக்கே."

"அனுப்பினது உண்மை. நான் அந்த சர்வரைத் தடுத்து வெச்சிருந்தேன். குப்பையா வந்துட்டிருந்துது. அதுல இருந்து எது வந்தாலும் என் மெஷின் வெளியவே தள்ளிடும். அவங்களுக்கும் தெரியாது, எனக்கும்..."

"மெஷின் மேல பழி போடாத."

"மெஷின் மேல போடல. மெஷின் நான் சொன்னதத்தான் செஞ்சுது."

"பாத்தேன்னு சொன்னது மெஷினா?"

"இல்ல. நான்."

"பாக்காமலே?"

"பாக்காமலே."

அக்கா ஸ்டாண்டிலிருந்து காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். ஒன்றை மடித்தாள், அம்மா மாதிரியே மூன்றாக. "மூணு மாசம் உன்ன மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன்டா" என்றாள். "எடம் இல்லன்னு சொல்லிட்டான் பாருன்னு. இப்ப அதுவும் இல்லன்னு ஆயிடுச்சு. யாரத் திட்டுறது?"

"என்னையே திட்டு."

"திட்டிட்டுதான் இருக்கேன்." இன்னொரு துணி. "போகச் சொன்னது நான். வரச் சொல்லாதது நீ. நடுவுல அவங்க ஹால்ல படுத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

நான் டீயைக் குடிக்கவில்லை. அக்கா அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்து மறுபடி வைத்தாள்.

அன்று சிவப்பை மூடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தடையை எடுத்தேன். ஒரு வரிதான், எடுப்பதும். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தடுத்திருந்த காலத்தில் வந்தது எதுவும் திரும்ப வராது; அனுப்பும் பக்கம் சில நாள் முயன்றுவிட்டு விட்டுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாகச் சேரும் நிர்வாகிகளுக்கு இதைப் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டேப் எடுத்து அறையை அளந்தேன். மெஷின் நிற்கும் சுவரை விட்டு, ஆறடிக் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்கும். ஜன்னலும் திறக்கும். தலைமாட்டில் ஒரு ஸ்டூல் வைக்க இடம் மிஞ்சும்.

என் சர்வரில் இருக்கும் இருநூற்று நாற்பது பேருக்கும் ஓர் அறிவிப்பு போட்டேன். அந்தத் தடையை ஏழு மாதம் மறந்து வைத்திருந்ததைச் சொன்னேன். இனி எந்தச் சர்வரைத் தடுத்தாலும், அங்கே யாருக்கு உறவு, யாருக்கு நட்பு என்று பார்த்து அவர்களுக்கு முதலில் சொல்வேன், தேதி குறித்துத் திறப்பேன் என்று எழுதினேன். யாரோ "பரவாயில்லை, குப்பை வராமல் இருந்ததே" என்று பதில் போட்டார். அவர் சொன்னது தப்பில்லை.

அம்மாவின் பெயரில் மன்றத்தில் எதுவும் எழுத எனக்கு மனம் வரவில்லை. என் சர்வரிலிருந்து எழுதினால் பதில்கள் சிதறி வரும். அதனால் அங்கே எனக்கென்று ஒரு கணக்கு திறந்தேன். கலக்கக் கூடாது என்று அம்மா சொன்னது சரி. ஓர் ஆளுக்கு ஒன்று போதாது. கறை டாக்டர் இறந்துவிட்டார், நான் அவர் மகன், நிலுவையில் இருக்கும் கேள்விகளுக்கு அவர் நோட்டைப் பார்த்து முடிந்தவரை பதில் சொல்கிறேன் என்று போட்டேன்.

ஹோட்டல்காரி உடனே எழுதினாள். "தம்பி, உங்களப் பத்தி ரொம்பப் பெருமையா சொல்லுவாங்க. மெஷினெல்லாம் தனி ஆளா ஓட்டுறான்னு. வீடு சின்னது, இல்லன்னா என்னை எப்பவோ கூட்டிட்டுப் போயிருப்பான்னு சொல்லுவாங்க."

அதற்கு நான் பதில் எழுதவில்லை. நான்கு நாள்.

பதினான்கு கேள்விகளில் கடைசியாக மிஞ்சியது ஹோட்டல்காரி கேட்டதுதான். முப்பது தலையணை உறை, எல்லாம் வெள்ளை, பழுப்புத் திட்டாகிவிட்டது. படம் போட்டிருந்தாள். ஹோட்டலில் புதிதாக ஒரு கிருமிநாசினி வாங்கியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு வழக்கம்போல் ப்ளீச் போட்டதாகச் சொன்னாள். இரண்டும் போட்டதை மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

இந்தக் கறையை எனக்குத் தெரியும். நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு மாதம் அம்மாவின் லாண்டரியில் ஒரு வார்டுத் துணி முழுக்க இப்படி ஆனது. நர்ஸுகள் தோலைத் துடைக்கப் புதிய மருந்து வாங்கியிருந்தார்கள். அது விரிப்பில் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் ப்ளீச் பட்டதும் பழுப்பு. ஆபீஸில், மெஷின் பழசு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிரச்சினை முடிந்துவிடும் என்றார்களாம். "மெஷின் மேல ஏன் போடணும்? ப்ளீச் போட்டது நான். மேல என்ன இருக்குன்னு பாக்காமப் போட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதனால் அவளுடைய பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. வீட்டுக்கு வந்து சொன்னாள்: "ரெண்டுமே சுத்தம் பண்ற பொருள்தான்டா. அதான் கொடுமை."

நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு வரிதான் இருந்தது. "போகாது. போகும்னு சொல்லி அவங்கள அலைய விடாத."

நான் தட்டினேன். "போகாதும்மா. மேலும் எதையும் போட்டுத் தேய்க்காதீங்க. தேய்க்கத் தேய்க்கத் துணிதான் நைஞ்சு போகும்."

"அப்ப தூக்கிப் போட்டுடவா தம்பி?"

"வேணாம். துணி கெட்டியாத்தான் இருக்கும். எங்க அம்மா அந்த விரிப்புகளத் தூக்கிப் போடல. ஓரத்துல தனியா ஒரு நூல் தையல் போட்டு, மெத்தைக்கு அடியில விரிக்க வெச்சுக்கிட்டாங்க. நல்ல துணியோட கலக்காம."

"என்ன கலர் நூல்?" என்று கேட்டாள்.

அது நோட்டில் இல்லை. எனக்கும் நினைவில்லை. பார்த்தேன் என்று சொல்லிவிட எனக்கு இப்போது வாய் வராது.

"தெரியல" என்று எழுதினேன்.